ஆபீசருக்குத் தைத்த கோட்டு

நாய்க்கு உடை தைப்பதில் ஒரு நிம்மதி உண்டு. கக்கத்தில் பிடிக்கிறது, கழுத்து இறங்கிவிட்டது என்று அது திரும்பி வந்து சண்டை போடாது. அதற்கும் சேர்த்துக் கூட வருகிறவர்கள் போடுவார்கள். போன மாதம் ஒரு அம்மாள், "இந்த கலர்ல எங்க குட்டிக்கு முகம் எடுப்பா இல்ல" என்று மூன்று முறை துணி மாற்றினார். அந்தக் குட்டிக்கு முகம் இருப்பதே முடியை விலக்கிப் பார்த்தால்தான் தெரியும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நான்காவது துணியை வெட்டினேன்.

பன்னிரண்டு வருஷமாக வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். பேண்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது என்று ஓடிக்கொண்டிருந்த பிழைப்பு, இரண்டு வருஷமாக நாய்ப் பக்கம் திரும்பிவிட்டது. மழைக்கோட்டு, பிறந்தநாள் கவுன், வாலுக்கு ஓட்டை விட்ட பைஜாமா. தங்கள் சட்டையில் பட்டன் போனால் ஊக்கு குத்திக்கொண்டு போகிறவர்கள், நாயின் சட்டையில் காஜா சரியில்லை என்று வந்து நிற்கிறார்கள். சிரிப்பாகத்தான் இருக்கும். எனக்குச் சோறு போடுவது அந்த வால்கள் என்பதால் சத்தமாகச் சிரிப்பதில்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு நாய் இருந்தது. என் வீட்டுக்காரர் போலீசில், வெடிகுண்டு தேடும் பிரிவில் நாயைப் பிடித்துக்கொண்டு போனவர். குட்டியாக இருந்தபோதே அதை இவர் கையில் கொடுத்தார்கள். துறையில் அதற்கு ஒரு எண் உண்டு. நான் வைத்த பெயர் ஆபீசர். கேலிக்குத்தான் வைத்தேன், அதுவே நிலைத்துவிட்டது. ரயில் நிலையத்தில் இவரும் ஆபீசரும் பெட்டிபெட்டியாக, பைபையாக முகர்ந்துகொண்டே போவார்கள். பையில் ஏதாவது இருந்தால் ஆபீசர் குரைக்காது, பாயாது. அதன் முன்னால் போய்ச் சத்தமில்லாமல் உட்காரும். அது உட்கார்ந்தால் ஊரே எழுந்து ஓடும்.

போன வருஷம் அது மூன்று தடவை உட்கார்ந்தது. மூன்று தடவையும் பையில் ஒன்றுமில்லை. ஒரு தடவை போர்வை, ஒரு தடவை பாடப்புத்தகம், ஒரு தடவை யாரோ ஊருக்குக் கொண்டுபோன செடித்தொட்டி. மூன்று முறையும் ரயில்கள் நின்று, சனம் கொந்தளித்து, மேலிடத்தில் கேள்வி வந்தது. மூக்கு போய்விட்டது, வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதிவிட்டார்கள். ஆறு வயதில் ஓய்வு. இவரை ஸ்டோர்ஸ் பிரிவில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கெஞ்சிக் கூத்தாடி நாயை மட்டும் வீட்டுக்குக் கூட்டிவந்தார். அதற்கும் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பொதுமக்களிடமிருந்து எழுத்தில் ஒரே ஒரு புகார் வந்தாலும் நாய் துறையின் கொட்டடிக்குத் திரும்ப வேண்டும். அந்தக் காகிதத்தின் நகலை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தேன்.

அந்தக் கொட்டடியை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். வரிசையாகச் சிமெண்டுக் கூண்டுகள். கிழட்டு நாய்கள் கம்பியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தன. வீட்டுக்கு வந்து அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்கள். எங்கள் வீட்டில் நான்கு மாதமாக அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபீசர் வாசலிலிருந்து கொல்லைக்குப் போகும், கொல்லையிலிருந்து வாசலுக்கு வரும். துணி கொடுக்க வருகிறவர்களின் பைகளை ஒன்றுவிடாமல் முகரும். இவரும் அதே நடைதான், எதிர்த்திசையில். நடுவில் மெஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எனக்குத் தலை சுற்றும். "ரெண்டு பேருல ஒருத்தராவது உக்காருங்களேன்" என்று கத்துவேன். ஆபீசர் மட்டும் ஒரு நிமிஷம் உட்காரும். படுக்கையில் இவர் கை நாயின் முதுகில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்து வாசற்கதவைப் போய்ப் பார்ப்பார். நாய் போனால் இந்த மனிதர் என்ன ஆவார் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் என் தம்பி வந்தான். கையில் போன் இல்லாமல் பிறந்தானே என்பது ஒன்றுதான் அவனைப் பற்றிய ஆச்சரியம். மாலில் ஞாயிற்றுக்கிழமை காலை நாய்களுக்கு அலங்கார ஊர்வலமாம். நடு ஹாலில் இரண்டு சுற்று நடக்க வேண்டுமாம்.

"அக்கா, நீ தைச்ச கோட்டை ஆபீசருக்குப் போட்டு ஒரு சுத்து விட்டா போதும். அப்புறம் உன் வாசல்ல நாய் நிக்க எடம் இருக்காது."

"இப்பவே இல்லடா" என்றேன். ஆனால் ஆசை வந்துவிட்டது. அடுத்தவர் நாய்க்கெல்லாம் தைத்துவிட்டு நம் நாய் வெறும் உடம்போடு நிற்கிறதே என்றும் தோன்றியது. இவரிடம் கேட்டேன். "வீட்டுல இருந்து மட்டும் என்ன கிழிக்கப் போறேன்" என்றார். அது சம்மதம்.

கருநீலத்தில் ஒரு கப்பல் கேப்டன் கோட்டு தைத்தேன். இரண்டு வரிசை பித்தளைப் பட்டன், தோளில் பட்டை, முதுகில் நாயைப் பிடிக்கிற வாரை மாட்ட ஒரு வளையம். வயிற்றுப் பட்டைக்கு முதலில் வெல்க்ரோதான் வைத்தேன். ஆபீசரின் முடியெல்லாம் அதில் ஒட்டி இரண்டே நாளில் பிடி விட்டுப்போனது. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை அதைப் பிரித்துவிட்டு, பள்ளிக்கூடப் பைகளில் இருக்குமே, அந்தப் பிளாஸ்டிக் கிளிப்பைத் தைத்தேன். போட்டுப் பார்க்க நேரமில்லை. மாலுக்குப் போய் மாட்டிக்கொள்ளலாம் என்று பையில் வைத்துக்கொண்டேன்.

மாலின் நடு ஹாலில் கால் வைக்க இடமில்லை. வெள்ளைப் பஞ்சு நாய் ஒன்று பாலே பாவாடையில் நின்றது. தடித்த நாய் ஒன்றுக்குக் கூலிங் கிளாஸ் மாட்டி, அது மூக்கிலிருந்து நழுவ நழுவ அதன் அப்பா (அவர் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொண்டார்) தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டிருந்தார். குழந்தை வண்டியில் இரண்டு நாய்கள் தொப்பியோடு உட்கார்ந்திருந்தன. அந்த அம்மாளின் நிஜக் குழந்தை பின்னால் நடந்து வந்தது. எந்தக் கோட்டில் மடிப்புத் தையல் கோணல், எதில் லைனிங் வைக்கவில்லை என்று என் கண் தானாக மேய்ந்தது.

ஆபீசருக்குக் கோட்டை மாட்டினேன். குனிந்து வயிற்றடியில் கிளிப்பைப் போட்டேன். 'டிக்'.

அந்தச் சத்தத்தில் நாய் மாறிப்போனது. தொங்கிக்கொண்டிருந்த நாக்கு உள்ளே போய் வாய் மூடியது. காது நிமிர்ந்தது. கண் ஒரே இடத்தில் நிலைத்தது. நான்கு மாதமாக என் வீட்டில் அலைந்த நாய் இது இல்லை.

"ஏய், என்ன கிளிப் இது?" என்றார் இவர்.

"ஏங்க? சும்மா பை கிளிப்பு."

"வேலைக்குப் போறப்ப மாட்டற பட்டையில இதே கிளிப்புதான். இந்தச் சத்தம் கேட்டா வேலைன்னு அதுக்கு அர்த்தம்."

"ஐயையோ, கழட்டிடவா?"

அவர் நாயையே பார்த்தார். அவர் முதுகும் நிமிர்ந்திருந்தது. "வேணாம், இருக்கட்டும். அது மொகத்தைப் பாரு" என்றார். நான்கு மாதத்தில் முதல்முறையாக அவர் சிரித்ததைப் பார்த்தேன். அப்போதே கழற்றியிருக்க வேண்டும். நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆக வேண்டும் என்பார்கள். வேலைக்காரனின் வேஷத்தை வேலைக்காரனுக்கே போட்டுவிட்டு, சும்மா நட என்றால் நடக்குமா? எனக்குப் புத்தி இல்லை. இவர் சிரித்ததில் மயங்கி விட்டுவிட்டேன்.

ஊர்வலம் கிளம்பியது. மற்ற நாய்கள் வாலாட்டி, ஒன்றையொன்று முகர்ந்து, எஜமானர் காலைச் சுற்றிக் கயிற்றைச் சிக்கலாக்கிக்கொண்டு போயின. இவர் வாரைப் பிடித்துவர, ஆபீசர் மட்டும் நேர்கோட்டில் போனது. ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் செருப்பு, நாற்காலிக் கால், கைப்பை என்று ஒவ்வொன்றாக முகர்ந்து தாண்டியது. சனங்கள் கைதட்டினார்கள். "ஆக்டிங் சூப்பர்!" என்று யாரோ கத்தினார்கள். தம்பி பின்னோக்கி நடந்துகொண்டே படம் பிடித்தான்.

ஹாலின் மூலையில் ஒரு இரும்பு பெஞ்சு. அதில் சாப்பாடு டெலிவரி செய்கிறவர் ஒருவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். காலடியில் பெரிய சதுரப் பை. ஆபீசர் அந்தப் பையை முகர்ந்தது. அரை அடி தாண்டியது. அப்புறம் திரும்பி வந்து அதன் முன்னால் உட்கார்ந்தது.

இவர் முகத்தில் ரத்தமே இல்லை. கையைத் தூக்கினார். பக்கத்தில் நின்ற காவலாளியிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அடுத்த நிமிஷம் மணி அடித்தது. அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்ல? பாலே பாவாடை இறங்குகிற எஸ்கலேட்டரில் ஏறியது. கூலிங் கிளாஸ் யார் காலிலோ மிதிபட்டு நொறுங்கியது. குழந்தை வண்டிக்காரம்மாள் நாய்களைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பாதி வழியில் அலறி, குழந்தையை எடுக்கத் திரும்பினார். எல்லோரும் வெயிலில் தெருவில் நின்றோம். ஒரு மணி நேரம் நின்றோம்.

பையில் மூன்று டப்பா சாப்பாடு இருந்தது. ஒரு மழைக்கோட்டு இருந்தது. வார் அறுந்த ஒரு குழந்தைச் செருப்பு இருந்தது. அவ்வளவுதான்.

டெலிவரிக்காரர் இவர் முகத்துக்கு நேரே வந்து நின்றார். "என்னைப் பாத்தா குண்டு வைக்கிறவன் மாதிரி இருக்கா? அத்தனை பேர் முன்னாடி கையைத் தூக்கச் சொல்லித் தரையில குப்புறப் படுக்க வெச்சாங்க. நாய்க்குக் கோட்டுப் போட்டு வெளையாடறீங்க, நாங்க தரையில படுக்கணுமா? எழுதித்தான் குடுப்பேன்." எழுதிக் கொடுத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

பிரிவின் இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். இவருடைய பழைய மேலதிகாரி, நல்ல மனிதர்தான். புகார்க் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நாலாவது தடவை. இனி என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அஞ்சு மணிக்கு வண்டி அனுப்பறேன், கொட்டடிக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்று. நான்கு மணி நேரம் பாக்கி. இவர் நடந்தார். ஆபீசர் நடந்தது. நானும் மெஷினில் உட்கார முடியாமல் எழுந்து நடந்தேன். சின்ன வீடு, மூன்று பேரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டோம். ஃபிரிட்ஜில் இருந்த காகிதத்தைக் கிழித்துவிடலாமா என்று இரண்டு தடவை கை போனது. கிழித்தால் மட்டும் வண்டி வராமல் இருக்குமா? தெரிந்த வக்கீலுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. தங்கை வீட்டுக்கு நாயைக் கடத்திவிடலாம் என்று இவரிடம் சொன்னேன். "பைத்தியமா நீ" என்றார். பைத்தியம்தான்.

நான்கு மணிக்குத் தம்பி வந்தான். வந்தவன் வாசலிலேயே, "அக்கா, வீடியோவை எத்தனை பேர் பாத்திருக்காங்க தெரியுமா" என்று ஆரம்பித்தான்.

"வெந்த புண்ணுல வேலைப் பாச்சாதடா. குடு இங்க" என்று போனைப் பிடுங்கினேன். அழிக்கத்தான் பிடுங்கினேன். ஆனால் தையல்காரி புத்தி எங்கே போகும்? கோட்டு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று கண் போய்விட்டது.

கோட்டு நன்றாகத்தான் இருந்தது. செருப்பு, நாற்காலி, கைப்பை எல்லாவற்றையும் ஆபீசர் தாண்டும்போது முதுகுத் துணி சுருக்கமே இல்லாமல் கிடந்தது. பெஞ்சு வந்தது. சதுரப் பையை முகர்ந்தது, அரை அடி தாண்டியது. அந்த இடத்தில் வளையத்திலிருந்து வலது கக்கம்வரை சாய்வாக ஒரு சுருக்கம் விழுந்தது. மேலேயிருந்து யாரோ இழுத்தால் மட்டுமே அப்படி விழும். அளவு தப்பினால் விழுகிற சுருக்கம் வேறு, இழுப்பில் விழுகிற சுருக்கம் வேறு. பன்னிரண்டு வருஷமாக இதைப் பார்த்துத்தான் பிழைக்கிறேன். சுருக்கம் விழுந்த பிறகுதான் நாய் திரும்பியது, உட்கார்ந்தது.

ஏழு தடவை ஓட்டிப் பார்த்தேன். தம்பியைக் கடைக்குப் போகச் சொல்லி அனுப்பிவிட்டு இவர் முன்னால் போனை நீட்டினேன்.

"நாய் தாண்டிப் போயிடுச்சுங்க. நீங்கதான் வாரை இழுத்தீங்க."

"என்ன ஒளர்ற? இத்தனை வருஷமா வார் பிடிச்ச கை இது."

"கை எத்தனை வருஷமோ இருக்கட்டும். துணியைப் பாருங்க."

பார்த்தார். மறுபடி பார்த்தார். போனைக் கீழே வைத்துவிட்டு, நடப்பதை நிறுத்தி, என் கட்டிங் மேஜை விளிம்பில் உட்கார்ந்தார். ஆபீசர் வந்து அவர் முழங்காலில் தலையை வைத்தது.

"போன வருஷம் ஆரம்பத்துல ஒரு பையைத் தாண்டிப் போனோம்" என்றார். "அது நிக்கப் பாத்துச்சு. நேரமாச்சுன்னு நான்தான் 'வா வா'ன்னு கூட்டிட்டுப் போயிட்டேன். சாயந்தரம் பாத்தா அதே பையில நெஜமாவே குண்டு இருந்துச்சு. வயர் சரியா சேராததால வெடிக்கல. நாங்க தாண்டிப் போனது யாருக்கும் தெரியாது, உங்கிட்டகூட சொல்லல. அதுலேர்ந்து எந்தப் பையையும் என்னால நம்பித் தாண்ட முடியல. கால் ஆட்டற ஆளைப் பாத்தா, வேர்த்திருக்கிற ஆளைப் பாத்தா, இதுவா இருக்குமோ, இதுவா இருக்குமோன்னு..." கையை விரித்துப் பார்த்தார். "இழுத்தது எனக்கே தெரியலடி. எனக்குச் சந்தேகம்னு அதுக்குப் புரிஞ்சிருக்கு. நான் கேட்டேன்னு உக்காந்திருக்கு."

"அந்த மூணு தடவையும்?"

"அந்த மூணு தடவையும் இதேதான்."

எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. தன் பயத்துக்கு ஒரு வாயில்லா ஜீவனைப் பொய்யனாக்கிவிட்டாரே. மூக்கு போச்சு என்று எழுதும்போது பக்கத்தில் நின்று தலையாட்டியும் இருக்கிறார். ஆனால் கோபப்படவா நேரம்? மணி நாலரை.

"இன்ஸ்பெக்டர் வந்ததும் இதைக் காட்டுங்க. தப்பு உங்களோடது, நாய் மேல தப்பில்லன்னு சொல்லுங்க. கூண்டுக்குப் போக வேணாம்ல?"

"காட்டினா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாது."

"என்ன ஆகும்? உங்க பேர் கெடும். கெடட்டும். ஸ்டோர்ஸ்ல உக்காந்து பேப்பர் அடுக்கற பேருக்கு இன்னும் என்ன கெடணும்? அது சுவரைப் பாத்துட்டுச் சாகறதைவிடவா?" வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். பெயருக்குப் பயப்படுகிறார் என்றே நினைத்தேன். "நீங்க காட்டலைன்னா நான் காட்டுவேன்" என்றேன்.

"நானே காட்டறேன்" என்றார்.

சொன்னபடி ஐந்துக்கு வண்டி வந்தது. இன்ஸ்பெக்டரோடு ஒரு பெண் காவலரும் இறங்கினார். புதிதாக நாய்ப் பிரிவுக்கு வந்தவராம், கொட்டடிவரை ஆபீசரைப் பிடித்துக்கொள்ள வந்திருந்தார். இவர் போனை இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்தார். இழுத்தது, பயந்தது, தாண்டிப்போன அந்தப் பை என்று எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னார்.

இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை பார்த்தார். "சுருக்கத்தைக் கண்டுபிடிச்சது யாரு?"

"நான்தான் சார்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"நல்ல கண்ணும்மா." போனைத் திருப்பிக் கொடுத்தார். "அப்ப மூக்குல ஒண்ணுமில்ல. ஆறு வயசுதானே ஆகுது? இன்னும் மூணு நாலு வருஷம் நல்லா வேலை பாக்கும்."

"அப்ப கூண்டுக்கு வேணாம்ல சார்? இங்கயே இருக்கலாம்ல?"

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் இவரைப் பார்த்தார். "நல்லா இருக்கிற நாயை வீட்டுல விட முடியாதும்மா. ஆள் மாத்தினா போதும். அது துறையோட நாய்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இவர் பக்கம் திரும்பினேன். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன். தலையை மட்டும் அசைத்தார். கண்டுபிடித்தவளும் நான், காட்டச் சொல்லிக் குதித்தவளும் நான். தெரிந்தே வாயை மூடிக்கொண்டு எனக்குச் சம்மதித்தவர் அவர்.

பெண் காவலர் வண்டியிலிருந்து வேலைப் பட்டையை எடுத்துவந்தார். ஆபீசரின் வயிற்றடியில் கிளிப் 'டிக்' என்று மாட்டியது. வாய் மூடியது, காது நிமிர்ந்தது.

"வாரைத் தளர்த்தியே பிடிங்கம்மா" என்றார் இவர் அந்தப் பெண்ணிடம். "அது சொல்றதை நீங்க கேளுங்க. நீங்க எதுவும் சொல்லாதீங்க."

அந்தப் பெண் தலையாட்டினார். ஆபீசர் கிளம்பியது. என் மேஜைக்காலை முகர்ந்தது, தாண்டியது. மூலையில் கிடந்த வாடிக்கையாளர் பைகளை முகர்ந்தது, தாண்டியது. இவர் காலருகே வந்து, அவருடைய செருப்பையும் முகர்ந்து தாண்டியது. வாசற்படி இறங்கியது.

"ஒரு தடவை திரும்பிப் பாக்குமா?" என்றேன். அழுதுகொண்டிருந்தேன்.

"பாக்காது" என்றார். "வேலையில எறங்கிட்டா பின்னாடி திரும்பக்கூடாது. அதைப் பழக்க எனக்கு ஆறு மாசம் ஆச்சு."

வண்டி தெருமுனை திரும்பும்வரை இரண்டு பேரும் வாசலில் நின்றோம். அவர் பழக்கியது பழக்கியதுதான்.